மாத்திரைக்கு மழை விடுமுறை கிடையாது

மரக்காணம்
12.2.2006

அன்பு மகள் வசந்தகோகிலாவுக்கு அம்மா தனகோடி எழுதுவது. இங்கே அப்பா, அண்ணன் சித்தார்த்தன், அண்ணி அமராவதி, அவர்கள் பையன், நான் எல்லோரும் சுகம். சூரத்தில் நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகம் என்று நினைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன், அப்படி இல்லையென்றால் முதலில் அதை எழுது.

போன ஞாயிற்றுக்கிழமை நம் குடும்பம் கூடி வரலாறு காணாத முடிவு ஒன்றை எடுத்திருக்கிறது. இனிமேல் நான் குழம்பில் உப்பு, புளி, காரம் பற்றி மட்டும் கருத்துச் சொல்லலாம். உடம்பு, மருந்து, மாத்திரை பற்றி வாய் திறக்கக் கூடாது. அப்பா முன்மொழிந்தார், சித்தார்த்தன் வழிமொழிந்தான், பையன் கைதட்டினான், நானும் கை தூக்கினேன். அந்த முடிவை இந்தக் கடிதத்திலேயே மீறுகிறேன், காரணம் நேற்று வந்த உன் கடிதம்.

நான் போன ஆடியில் எழுதியபடி அடுத்த மாதத்திலிருந்து கருத்தடை மாத்திரையை நிறுத்தி, உடம்புக்குக் கொஞ்ச நாள் ஓய்வு கொடுக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். கண்ணு, நிறுத்தாதே. உனக்கு ஆபரேஷன் பண்ணி எடுத்த குழந்தை, அடுத்ததற்கு மூன்று வருஷமாவது இடைவெளி வேண்டும் என்று உன் டாக்டர் சொன்னதை நினைவில் வை, நான் சொன்னதை மற.

அந்த யோசனை எனக்கு எப்படி வந்தது என்று கேட்பாய். பஜ்ஜி மடித்து வந்த பத்திரிகைத் தாளில், தொடர்ந்து பயன்படுத்தினால் இடையில் ஓய்வு தேவை என்று படித்தேன். மீதிப் பாதி எண்ணெயில் ஊறியிருந்ததால் அது எதைப் பற்றியது என்று இன்றுவரை தெரியாது. மீதியை நானே யோசித்து முடித்தேன். ஐப்பசியில் மழை இறங்கினால் உப்பளத்தை மூடுகிறோம், தை பிறந்ததும் திறந்தால் உப்பு முன்னைவிட வெள்ளையாக விளைகிறது, ஆகவே மாத்திரைக்கும் மழை விடுமுறை விட்டால் உடம்பு தேறும். உனக்கு எழுதினேன், பக்கத்தில் இருந்த அமராவதியிடம் வாயாலேயே சொன்னேன். அவள் மாமியார் பேச்சைத் தட்டாத பெண், மழை தொடங்கியதும் அட்டையைப் பரணில் போட்டுவிட்டாள். இந்த வருஷ மழை தெரியுமே, ஊரே வெள்ளம், உப்பளத்தில் வேலை இல்லை, சித்தார்த்தன் இரண்டு மாதம் வீட்டை விட்டு நகரவில்லை.

தையில் அவள் வாந்தி எடுத்தபோதும் பித்தம் என்று கண்டுபிடித்து, இஞ்சிச்சாறு கொடுத்தவள் நான்தான். அப்புறம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மாவிடம் என் தத்துவத்தை முழுதாக விளக்கினேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, ஏம்மா, உப்பளத்தை மூடினா வெளைச்சல் நிக்கும், மாத்திரைய நிறுத்தினா வெளைச்சல் ஆரம்பிக்கும், இதுகூடவா தெரியாது என்றார். வெளியே வந்து அமராவதி, எல்லாத்துக்கும் லீவு விட்டீங்களே அத்தை, உங்க பிள்ளைக்கு மட்டும் விடலையே என்றாள்.

அதனால் இனி நான் எழுதுவது எதுவும் என் அறிவில்லை, டாக்டரம்மா சொன்னது. இடையில் ஓய்வு என்று ஒன்று தேவையே இல்லை. தினம் ஒரே நேரத்தில் போடு, ராத்திரி பல் விளக்கும்போது என்று வைத்துக்கொள். ஒன்று மறந்தால் நினைவு வந்த உடனே போட்டுவிட்டு, அன்றைக்கு உரியதையும் வழக்கமான நேரத்தில் போடு, ஒரே நாளில் இரண்டானாலும் பரவாயில்லை. தொடர்ந்து இரண்டு மூன்று விட்டுப்போனால் மாத்திரையைத் தொடர்ந்து போட்டுக்கொண்டே ஏழு நாளைக்கு மாப்பிள்ளை ஆணுறை போடட்டும், வெட்கப்படாமல் சொல். போட்ட கொஞ்ச நேரத்தில் வாந்தி வந்தால் இன்னொன்று போடு. அட்டைக் கடைசியில் இருக்கும் பழுப்பு மாத்திரைகள் வெறும் இரும்புச்சத்துதான், ஆனாலும் தூக்கிப் போடாதே, அது முடிந்த மறுநாள் புது அட்டை தொடங்க வேண்டும். காசநோய்க்கோ வலிப்புக்கோ மருந்து எழுதினால் இந்த மாத்திரை போடுவதைச் சொல்லிவிடு, சிலது இதன் வேலையைக் கெடுக்குமாம். அப்பாவுக்கு இருக்கும் ரத்தக்கொதிப்பு உனக்கும் வரலாம், பிரஷர் பார்த்துக்கொள், அதிகமாக இருந்தால் இந்த மாத்திரை ஆகாது, டாக்டர் வேறு வழி சொல்வார். கெண்டைக்கால் ஒரு பக்கம் வீங்கி வலித்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, கண் முன்னே மின்னி மண்டை பிளக்கிற தலைவலி வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. இஞ்சிச்சாறு குடித்துப் பார்க்காதே.

அப்பா இதைப் படித்துவிட்டு, முதல் தடவையா உருப்படியா எழுதியிருக்க, எல்லாம் அடுத்தவங்க சொன்னதா இருக்கிறதால என்றார். அமராவதிக்கு ஆவணியில் பிரசவ நாள். சித்தார்த்தன் சிரித்துக்கொண்டே திரிகிறான்.

குட்டிக்குக் காது குத்த இப்போது அவசரமில்லை, இது குழம்பு சம்பந்தப்பட்டதில்லை என்றாலும் சொல்லிவைக்கிறேன். மாப்பிள்ளையை வெயிலில் அலையவிடாதே. உங்கள் மூவரையும் தீர்க்காயுசாக வைக்கும்படி அம்மனிடம் கேட்டிருக்கிறேன். மாத்திரையை நிறுத்தவில்லை என்று ஒரு வரி கார்டு போடு, அது வரும்வரை எனக்குச் சோறு இறங்காது.

இப்படிக்கு,
உன் அம்மா
ப. தனகோடி

பி.கு: அமராவதி இந்த வருஷம் உப்பு சுமக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். திங்கட்கிழமையிலிருந்து அவள் கூடையை நான் தூக்குகிறேன்.