டிரைவில் நுழையாத இரவு

மார்ச் 3, செவ்வாய்

இத்தனை நேரம் கழித்து உன்னைத் திறந்ததற்கு மன்னித்துக்கொள், டைரியே. பாப்பா இப்போதுதான் அசந்தாள்.

தூக்கத்தில் அவளுக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிறதே, அதை டாக்டர் கண்ணால் பார்க்க வேண்டுமாம். "ஒரு ராத்திரி முழுக்க வீடியோ எடுத்து, பென் டிரைவ்ல போட்டுக் கொண்டுவாங்கம்மா. இங்க நெட் சரியில்ல." எடுத்துவிட்டேன். ஒரே கோப்பு, ஒன்பது ஜிபி. டிரைவில் நாற்பது ஜிபி காலி. ஆனாலும் 'கோப்பு மிகப் பெரியது' என்கிறது. நாற்பதில் ஒன்பது போகாதா? நான் கல்லூரியில் படித்தது எந்தக் கணக்கு?

மார்ச் 4

அவர் சேர்த்துவைத்திருந்த சினிமாக்களையெல்லாம் அழித்தேன். இப்போது நூறு காலி. அதே பதில்!

ஒருவேளை வலிப்பாக இருந்தால் — வேண்டாம், எழுதக் கூடாது.

மார்ச் 5

கல்யாண வீடியோ வெட்டி ஒட்டும் வேலை பார்க்கும் நாத்தனாரைக் கூப்பிட்டேன்.

"எங்கண்ணன் படத்தையெல்லாம் அழிச்சுட்டீங்களா? வரட்டும், இருக்கு உங்களுக்குக் கச்சேரி!" என்று சிரித்தாள். பிறகு, "அது பழைய ஃபார்மேட் அண்ணி. எவ்வளவு காலியிருந்தாலும் ஒரு கோப்பு நாலு ஜிபியைத் தாண்டினா எடுக்காது. வீடு பெருசு, வாசல் சின்னது. கட்டிலைக் கழட்டித்தான் உள்ள கொண்டுபோகணும்."

ஃபார்மேட்டை மாற்றலாமாம். ஆனால் டிரைவில் இருப்பதெல்லாம் போய்விடும். எங்கள் கல்யாணப் படங்கள் அதில் மட்டும்தான் இருக்கின்றன, எடுத்துவைக்க வேறு இடமும் இல்லை.

"அப்ப மூணா வெட்டுங்க. அவளைத் தூக்கிப்போடுற இடத்துல வெட்டிடாதீங்க, பார்த்து!"

பார்த்து. அதுதானே முடியவில்லை? எடுத்ததோடு சரி, பயத்தில் இன்னும் ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை.

மார்ச் 6

பார்த்தேன். எங்கே வெட்டுவது என்று தேடித் தேடி, ஓட்டி ஓட்டி, முழுவதும்.

ஒன்றும் புரியவில்லை. அவள் அசையாமல் கிடக்கிறாள். ஒரு கை வருகிறது, மூக்கருகே விரல் வைத்து மூச்சு இருக்கிறதா என்று பார்க்கிறது. உடனே அவளுக்குத் தூக்கிப்போடுகிறது. மறுபடி கை. மறுபடி தூக்கிப்போடுகிறது. என் கை. அப்போ... நான்தானா? ஐயோ, நானேவா எழுப்பிட்டிருந்தேன்? இல்ல, இதுவும் எனக்கு நானே சொல்லிக்கிற சமாதானமா?

மார்ச் 7

மூன்று துண்டும் ஏறிவிட்டன. நேற்று இரவு கைகளைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தேன். அவள் அசையவில்லை. நான்தான் தூங்கவில்லை.

டிரைவோடு சேர்த்துக் கொடுத்த சீட்டு:

"டாக்டர், வீடியோ மூன்று துண்டாக இருக்கிறது, வரிசையாகப் பாருங்கள். குழந்தையைப் பார்க்கும்போது என் கையையும் பாருங்கள். எனக்குத் தோன்றுவது சரியா என்று தெரியவில்லை. தயவுசெய்து சீக்கிரம் பதில் சொல்லுங்கள்."