கதையில் இனித்த கிணறு

ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை

என் கதை பத்திரிகையில் வந்ததிலிருந்து எல்லோரும் பாராட்டுகிறார்கள். இன்று ராசாத்தி வந்தாள். எங்கள் வயலில் வருஷா வருஷம் நடவு நட்டவள். வயல் இறால் குட்டையானதும் அவளுக்கு வேலை போயிற்று. குட்டையின் உப்புநீர் இறங்கி அவள் தெருக் கிணறும் உப்பாகிவிட்டது.

"மக படிச்சுக் காட்டுனா டீச்சரம்மா. கடைசியில குட்டையை மூடி, கிணத்துத் தண்ணி இனிச்சுதுன்னு எழுதியிருக்கீங்க. அழுதுட்டேன். நம்ம குட்டையை எப்பங்க மூடுவாங்க? உங்க அண்ணன்கிட்ட சொல்லுங்களேன். அவருதானே குத்தகைக்கு விட்டாரு?"

கதையில் நிலத்தைக் கொடுப்பவன் யாரோ ஒரு வெளியூர் மிராசுதார். உண்மையான பத்திரத்தில் அண்ணன் கையெழுத்துக்குக் கீழே என்னுடையதும் இருக்கிறது.

"நானும் கையெழுத்துப் போட்டேன் ராசாத்தி" என்றேன்.

"தண்ணி கெட்டுப்போகும்னு தெரியுமாங்க?"

"தெரியும்."

அவள் நான் கொடுத்த மோரைக் குடிக்காமல் எழுந்து போனாள்.

சாயங்காலம் அண்ணனிடம் கெஞ்சினேன். குத்தகை முடியும்வரை ஒன்றும் செய்ய முடியாதாம். மூடினாலும் அந்த மண்ணில் எப்போது நெல் விளையும்? யாருக்கும் தெரியவில்லை. நாளைக் காலை அவள் மகள் என் வகுப்பில் உட்கார்ந்திருப்பாள். எந்த முகத்தோடு பாடம் நடத்துவேன்?