வாப்பா ஓதிப் பார்த்த காகிதம்

அன்பான வாப்பா, நீங்கள் இருக்கும் இடத்தில் உங்கள் மேல் சலாம் உண்டாகட்டும்.

நேற்று செம்பூரில் வக்கீல் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன். அங்கே ஒன்று தெரியவந்தது. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

என் புருஷன் என்னை வேண்டாமென்று அனுப்பிய பிறகு, அவர் வீட்டார் தாராவியில் நம் வீட்டுக்கு ஓர் உருதுக் காகிதம் கொண்டுவந்தார்களே, நினைவிருக்கிறதா? மேலே பிஸ்மில்லாஹ் இருந்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டு எழுத்து எழுத்தாகக் கூட்டினீர்கள். "ஓதிப் பாத்துட்டேன் மவளே, எல்லாம் சரியாத்தான் இருக்கு. கையெழுத்தப் போடு" என்றீர்கள். போட்டேன். கீழே சாட்சியாக நீங்களும் போட்டீர்கள்.

ஜீவனாம்சம் கேட்கலாம் என்றுதான் அதை எடுத்துக்கொண்டு போனேன். வக்கீல் அம்மா உருது தெரிந்த ஒருவரை வைத்துப் படிக்கச் சொன்னார்.

அதில் தலாக் என்ற சொல்லே இல்லை வாப்பா. 'குலா' என்று இருக்கிறது. நானே பிரிவு கேட்டேனாம். அதற்குப் பதிலாக அவர் எனக்குத் தரவேண்டிய மஹர் பணம், பிரிந்தபின் காத்திருக்கும் இத்தாக் காலச் செலவு, இனி வரவேண்டியது எல்லாவற்றையும் மனமார விட்டுக்கொடுத்தேனாம். நானா கேட்டேன்? இரண்டு பிள்ளைகளோடு அவர் வாசலில் நின்று அழுதவள் நானில்லையா?

"உங்க அப்பாவுக்கு உருது தெரியுமா?" என்று வக்கீல் கேட்டார்.

"நல்லா ஓதுவாங்க மேடம். நானும் ஓதுவேன்."

"ஓதறது வேறம்மா. அர்த்தம் புரிஞ்சுதா?"

உருதுக்கும் குர்ஆனின் அரபு எழுத்துதான்; பாஷைதான் வேறு. நீங்கள் ஓதினால் பள்ளிவாசலில் ஆட்கள் நின்று கேட்பார்கள். அந்த எழுத்தில் யாராவது பொய்யும் எழுதுவார்கள் என்று நம் இருவருக்கும் ஏன் தோன்றாமல் போனது?

வழக்குப் போடலாமாம், ஜெயிப்பது நிச்சயமில்லையாம். அதற்கு என் வாப்பா விளங்காமலே கையெழுத்துப் போட்டார் என்று நான் சத்தியம் செய்து சொல்லவேண்டும். தம்பி குதிக்கிறான். "மவுத்தாகி மண்ணுக்குள்ள இருக்கிற வாப்பாவ கோர்ட்டுல கேவலப்படுத்தப் போறியா லாத்தா?"

உங்கள் மேல் கோபமும் இருக்கிறது வாப்பா. வந்தவர்கள் முன்னால், தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? வெட்கமா? அவ்வளவு பெரிய வெட்கமா?

கூண்டில் ஏறுகிற அன்று உங்கள் வெட்கத்தையும் சேர்த்து நான் சுமந்துகொள்கிறேன். "எங்க வாப்பாவுக்கு வெளங்கல, எனக்கும் வெளங்கல" என்று நீதிபதியின் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் மூத்த மகள்,
ரஹ்மத்