தறி நிற்கும்போதெல்லாம்

மே 2, வெள்ளி

புது ஓவன் வந்துவிட்டது. கடையில் வேறெங்கும் அடங்காததால் பின்சுவரை ஒட்டி வைத்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் குமாரவேல் அண்ணன் வீட்டுப் பட்டுத் தறி. எங்களுக்கு முன் இங்கே லேத்துப் பட்டறை இருந்ததாம். தரையில் அதன் போல்ட் துளைகளை இன்னும் அடைக்கவில்லை.

என் வீட்டுக்காரர் வசந்த் கப்பலில் சமையல் வேலை பார்த்தபோது மெக்சிகோக்காரர் ஒருவரிடம் கற்ற பன்தான் எங்கள் பிழைப்பு. மேலே சர்க்கரை மாவைப் போர்த்தி, கிளிஞ்சல் மாதிரி கோடு கிழிப்பது. போர்டில் மெக்சிகோ பேக்கரி என்று எழுதியிருக்கிறோம். தெருவுக்கு இது சிப்பி பன் கடை.

சாயங்காலம் தறிச் சத்தம் இரண்டு தடவை நின்றது. ஏனோ கவனித்தேன்.

மே 5, திங்கள்

கத்திரி வெயில் ஆரம்பம். ஓவன் சூடேறிய கொஞ்ச நேரத்தில் தறி நின்றுவிடுகிறது. பிறகு ஓடுகிறது, மறுபடி நிற்கிறது. பட்டு நூல் காய்ந்தால் இழை அறும். தாமல் ஏரிக்கரையில் வேர்க்கடலை பிடுங்கி வளர்ந்த எனக்கே இது தெரியும் என்றால் இந்தத் தெருவில் யாருக்குத் தெரியாது?

வசந்திடம் சொன்னேன். "கத்திரில எல்லார் வூட்லயும்தான் அறுக்கும். நீ சொவுத்துல காத வச்சிக்கினு நிக்காத" என்றார். காதை வைக்கவில்லை. கையைத்தான் வைத்துப் பார்த்தேன். சுட்டது.

மே 6

மாவு பிசையும்போது தறி நின்றால் என் கையும் நிற்கிறது.

மே 9, வெள்ளி

வடிவாம்பாள் அக்கா, குமாரவேல் அண்ணனின் மனைவி, வழக்கம்போல் நான்கு பன் வாங்க வந்தார். கடையில் நின்று ஒருநாளும் தின்றதில்லை. வெண்ணெய்க் கையோடு பட்டைத் தொட்டால் கறை விழும். வேலை முடிந்து எழுந்த பிறகுதான் பொட்டலத்தைப் பிரிப்பார்.

கண்ணாடிக்குள் இருந்த ரோஸ் பன்னைப் பார்த்து, "ராணி கலர்னு சொன்ன. இது வெங்காயத்தோல் கலர்மா" என்று சிரித்தார். பிறகு எட்டி ஓவனைப் பார்த்தார். "புதுசா?"

ஆமாம் என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். சிரித்துவிட்டுப் போகிறவர்களை நான் எப்படி எடுத்துக்கொள்வது?

மே 12, திங்கள்

இன்று குமாரவேல் அண்ணனே வந்துவிட்டார். கடை திறந்த நாளிலிருந்து உள்ளே வராத மனிதர். "ஏம்மா, ஓவன எந்நேரம் அணைப்பீங்க?" என்று கேட்டார். மூன்று மணிக்கு என்றேன். சில நாள் இரண்டரை என்றேன். விசேஷ நாள் என்றால் நாலு என்றேன். கேட்காததெல்லாம் உளறினேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

அணைக்கும் நேரம் எதற்கு? புகாரில் எழுதவா?

மே 13

மாணிக்கவேல் ஐயாவும் குமாரவேல் அண்ணனும் தெருமுனையில் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் கடை இருக்கும் இடம் ஐயாவுடையது. ஐயா இரண்டு தடவை எங்கள் போர்டைக் காட்டினார். அண்ணன் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார். அவர்கள் ஒரே தெருவில் பிறந்து வளர்ந்தவர்கள். நாம் யார்? தாமலிலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

காலி செய்யச் சொன்னால் வசந்த் திரும்பக் கப்பல் ஏறுவார். அவருக்குத் தெரிந்த வேறு வழி அது ஒன்றுதான். போன தடவை அவர் லீவில் வந்தபோது மகள் திரிஷாவுக்கு மூன்று வயசு. கதவைத் திறந்து, "மம்மி, யாரோ அங்கிள் வந்துருக்காரு" என்றாள். அவர் சிரித்தார். பாத்ரூமுக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை. இன்னொரு தடவை என்னால் முடியாது. முடியவே முடியாது.

மே 16, வெள்ளி

ஓவனுக்குப் பின்னால் சுவரில் ஈரம். கீழிருந்து இடுப்புயரத்துக்கு ஏறியிருக்கிறது. அந்தப் பக்கம் குழாய் எதுவும் கிடையாது. வேண்டுமென்றே ஊற்றுகிறார்களா? பழைய சுண்ணாம்புச் சுவர், ஊறி ஓவன் மேல் சரிந்தால்? பக்கத்தில் கேஸ் லைன். வசந்த்கூட இன்று சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். அவர் பயந்து நான் பார்த்ததில்லை.

மே 17, சனி

அண்ணன் வீட்டுக்கே போய்விட்டேன். வசந்திடம் சொல்லாமல், ஏப்ரனைக்கூடக் கழற்றாமல்.

தறி இருக்கும் அறையில் சுவர் நெடுக ஆணி அடித்து ஈரச் சாக்கு தொங்கவிட்டிருக்கிறார்கள். வடிவாம்பாள் அக்கா செம்பால் மொண்டு சாக்கின் மேல் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் ஊற்றி முடிக்கும்வரை அண்ணன் தறியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தறி நின்றது பாதி நேரம் இதற்குத்தானா?

"ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?" எனக்கு அழுகை வந்துவிட்டது.

"சொன்னா நீங்க காலி பண்ணிக்கினு போய்டுவீங்கமா. அந்த லேத்துக்காரன் மறுபடி எடம் கேட்டுக்கினு கீறான். அவன் மிஷின் ஓடனா தறியே அதிரும். நெஞ்சுல வந்து இடிக்கும். சாக்கு நனைக்கறது பெரிசா?"

"ஐயா கைல சொல்லிட்டேன்," என்றார் அண்ணன் தலை நிமிராமல். "பேக்கரியே இருக்கட்டும், அவன இட்டாராதீங்கன்னு. தறிக்குப் புது பாவு பிணைக்கணும், இழையிழையா முடியற வேல, சூட்ல அறும், அதான் அணைக்கிற நேரம் கேட்டேன். நீ மூணு நேரம் சொன்ன."

பதினைந்து நாளாக நான் இந்தப் பக்கம் நடுங்கியிருக்கிறேன். அவர்கள் அந்தப் பக்கம்.

மே 20

ஓவனைத் தெருப்பக்கம் மாற்றினோம். அதற்காக ஒரு ஷோகேஸ் போயிற்று. வாங்க வருகிறவர்கள் முகத்தில் அனல் அடிக்கிறது. வசந்த் முணுமுணுத்துக்கொண்டேதான் தூக்கினார், ஆனாலும் தூக்கினார். அண்ணனும் வந்து ஒரு பக்கம் பிடித்தார்.

மே 23

சுவர் காய்ந்துவிட்டது. கை வைத்துப் பார்த்தேன். இந்தப் பழக்கம் இனிப் போகாது.

ஜூன் 4, புதன்

காலையிலேயே தறி நின்றுவிட்டது. ஒரு டிரே பன் வெந்து இறங்கியும் சத்தம் வரவில்லை. ஓவன் தெருப்பக்கம்தான் இருக்கிறது, நம்மால் இல்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மனசு கேட்கவில்லை. அண்ணனுக்கு ஏதாவதா? செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது வடிவாம்பாள் அக்கா வாசலில் வந்து நின்றார். காகிதம் கிழித்துப் பொட்டலம் கட்டப் போனேன்.

"கட்டாத. சேல முடிஞ்சிட்ச்சி. கைல குடு, இங்கயே துன்றேன்," என்றார்.

வெங்காயத்தோல் கலரில் ஒன்று எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே தின்றார். விரலெல்லாம் வெண்ணெயும் சர்க்கரையும். அதையும் நக்கிவிட்டு, இன்னொன்று கேட்டார்.