எனக்கு வராத மூன்றாம் பக்கம்

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுவது. நீ சுகமாக இருக்க வேண்டும், அதுதான் என் வேண்டுதல். நான் சுகமா என்று வழக்கம்போல் எழுதக் கை வரவில்லை, அது எனக்கு முன்பே உனக்குத் தெரிந்திருக்கிறது.

போன லீவில் வந்தபோது, பிடிஎஃப் வேலைக்கெல்லாம் கண்ட வெப்சைட்டில் ஏற்றாதே அம்மா, நம் காகிதத்தை முன்பின் தெரியாதவன் கையில் கொடுக்கிற மாதிரி என்று சொல்லி, இன்டர்நெட் இல்லாமலே நம் கம்ப்யூட்டரில் ஓடுகிற ஒரு புரோகிராமைப் போட்டுக் கொடுத்தாயே. பக்கம் சேர்க்க, பிரிக்க, நீக்க எல்லாம் கூடவே உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாய். வீட்டு விஷயம் வெளியே போகக் கூடாது என்றாய். பிள்ளைக்கு எவ்வளவு அக்கறை என்று என் ஆபீஸ் சிநேகிதிகளிடம் பீற்றிக்கொண்டேன். நேற்று, இந்த மார்புக் கட்டியை இன்னொரு டாக்டரிடம் காட்டலாம் என்று, ஸ்கேனையும் லேப் ரிப்போர்ட்டையும் ஒரே ஃபைலாகச் சேர்க்க உட்கார்ந்தேன். வெறும் கொழுப்புக் கட்டிதான் என்று அப்பா காட்டிய அதே ரிப்போர்ட். பக்கங்களின் அடியில் நான்கில் ஒன்று, நான்கில் இரண்டு, அடுத்தது நான்கில் நான்கு. முப்பத்தொரு வருஷம் ஆவணப் பிரிவில் பக்க எண் போட்டே விரல் தேய்ந்தவளிடமா இந்த வேலை? உங்கள் சாமர்த்தியத்தை என்னவென்று சொல்ல! பக்கத்தை நீக்கினாலும் பழைய ஃபைல் அப்படியே இருக்கும் என்று எனக்குச் சொன்னவன் அப்பாவுக்குச் சொல்ல மறந்துவிட்டாய் போல. அதே ஃபோல்டரில் இருந்தது. திறந்தேன். புற்றுநோய், உடனே ஆபரேஷன் தேவை என்று மூன்றாம் பக்கத்தில் இருந்தது.

அப்பாவிடம் கேட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி வந்து, உன் பிள்ளை போனில் சொல்லச் சொல்லத்தான் செய்தேன், தான் வந்த பிறகு உன்னிடம் சொல்லிக்கொள்ளலாம் என்றான் என்றார். ரிப்போர்ட் வந்து ஐந்து வாரம்டா. ஐந்து வாரமும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டிருக்கிறார். நோயைவிட அதுதான் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. வெளி ஆளுக்குத் தெரியக் கூடாது என்றாயே, அந்த வெளி ஆள் நானா?

இன்று காலை தனியாகவே ஆஸ்பத்திரிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டேன். புதன்கிழமை ஆபரேஷன். முடிவுகளை யாரிடம் தெரிவிக்க வேண்டும் என்று படிவத்தில் ஒரு கட்டம். அப்பா பெயரையும் எழுதவில்லை, உன் பெயரையும் எழுதவில்லை. எதிர் வீட்டுத் தையல்காரி பெயரை எழுதினேன். எதுவானாலும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள்.

கோபத்தோடுதான் எழுதுகிறேன், ஆனாலும் மனசார எழுதுகிறேன், எங்கிருந்தாலும் ஒரு குறையும் இல்லாமல் இரு. வேளைக்குச் சாப்பிடு. அவள் நம்பரைக் கீழே எழுதியிருக்கிறேன். புதன்கிழமை என்னைப் பற்றித் தெரிய வேண்டுமானால் அவளைக் கேள்.

உன் அம்மா