இரண்டாவது குச்சி

மாத்தளை,
5.1.1991

அன்புள்ள மருமகன் இத்ரூஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மாலைதீவில் நீங்கள் சுகமாக இருந்து பாடம் நடத்த அல்லாஹ் துணை நிற்பானாக. இங்கே ஸரீனாவும் பிள்ளையும் நல்ல சுகம். பிள்ளைக்கு இரண்டு பல் வந்துவிட்டது. முதல் கடி மாமாவின் விரலுக்குத்தான்.

உங்கள் கடிதம் பதினாறு நாள் கழித்து வந்தது. மாமா மிளகு மூட்டையில் உட்கார்ந்து எல்லோருக்கும் கேட்க வாசித்தார்.

கடல் ஏறி உங்கள் தீவுகளெல்லாம் மூழ்கிவிடும் என்று ரேடியோவில் கேட்ட அன்றே நான் ஸரீனாவின் பாஸ்போர்ட்டை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். கரையில் ஒரு குச்சி நட்டு, அதிலிருந்து கடல் எவ்வளவு தூரம் என்று பிறைக்குப் பிறை அளந்து எழுதச் சொன்னதும் நான்தான். இங்கே சரிவில் மண் இறங்குகிறதா என்று பார்க்கக் கீழ்ப்பக்கம் ஒரு குச்சி நட்டால் போதும். மலையில் மண் ஒரு பக்கம்தானே இறங்கும்! தீவின் சங்கதி வேறு என்று எனக்கு எங்கே தெரியும்? மேற்குக் கரை நாலு மாதத்தில் பன்னிரண்டு முழம் போய்விட்டது என்று நீங்கள் முந்திய கடிதத்தில் எழுதியதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

இப்போது பார்த்தால், நீங்களாகவே கிழக்கிலும் ஒரு குச்சி நட்டிருந்தீர்களாம். அங்கே பத்து முழம் மணல் கூடியதாம். காற்று மாறிய பிறகு மணல் மேற்குக்குத் திரும்புகிறதாம். மழையில நம்ம மலையுந்தான் சரியுது, அதுக்காக இரத்தோட்டை ஊர காலி பண்ணிட்டாங்களா என்று மாமா என்னைக் கேலி செய்கிறார்.

அலை கடலடிப் பவள முருகைக்கல்லை உடைத்துக் கரையில் போட்டுத் தீவை உயர்த்தும் என்கிறீர்கள். கடல் அதைவிட வேகமாக ஏறினால் என்ன ஆகும், கிணறு உப்பாகுமா என்பது மட்டும் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்றும் ஆகாது என்று எழுதியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

கோபிக்காதீர்கள், உண்மையைச் சொல்கிறேன். என் பயத்தில் கடல் பாதிதான். மீதி, பிள்ளை இல்லாத இந்த வீடு.

பாஸ்போர்ட்டை ஸரீனாவிடம் கொடுத்துவிட்டேன். அவளும் அழுதாள், நானும் அழுதேன். நோன்புக்கு முன் இருவரையும் அனுப்புகிறோம். மழைத்தண்ணீர் பிடிக்கப் பெரிய தாங்கி ஒன்று வாங்கி வையுங்கள். கிணற்றுத் தண்ணீரை நீங்கள் ருசி பார்க்காமல் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம்.

குச்சிகளைப் பிடுங்கிவிடாதீர்கள். பிறைக்குப் பிறை கடலை அளந்து எழுதுங்கள். பிள்ளை எழுந்து நின்றதும் அவளையும் சுவரோரம் நிறுத்தி, ஒரு நூலால் அளந்து, அந்த நூலைக் கடிதத்துக்குள் வைத்து அனுப்புங்கள். அலுமாரிக் கதவில் கோடு போட்டுக்கொள்வேன்.

உங்கள் மூவரையும் அல்லாஹ்விடம் ஒப்படைத்துவிட்டு,
மாமி மஸூதா