பிறந்த வீட்டுக் கோடி

கோமளாவுக்கு,

என் தங்கை முனியம்மாவைப் பிறந்த வீட்டுக் கோடி போர்த்தாமலே எடுத்துவிட்டீர்கள். அண்ணன் நான் உயிரோடு இருக்கும்போது இது அநியாயம். அவள் அண்ணி நீயும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாய். உன் முட்டிவலி தேவலையா? நான் சுகம்.

மஸ்கட்டில் விமான டிக்கெட் கிடைக்காததால், அங்கிருந்தாவது பறக்கலாம் என்று கோடிச் சேலையோடு துபாய்க்கு பஸ் ஏறினேன். எல்லைச் சாவடியில் வெகுநேரம் நிறுத்திவிட்டார்கள். அதிகாரி சேலையை விரித்து, "மனைவிக்கா?" என்று கேட்டான். செத்துப்போன தங்கைக்கு என்றேன். அவனே மடித்துக் கொடுத்தான்.

வரிசையில் நிற்கும்போதே அவள் மகன் மோகன்ராஜின் போன் வந்தது. "மாமா, ஐஸ் பொட்டி தாங்கல. சொந்தக்காரங்க வேற பேஜார் பண்ணிகினு இருந்தாங்க. எடுத்துட்டோம் மாமா." அங்கிருந்தே திரும்பிவிட்டேன்.

இங்கிருந்து ஊருக்கு வரும் என் அறைத் தோழன் ஜெயவேலு நம் சேலையூர் வீட்டுக்கே வந்து சேலையைத் தருவான். பதினாறாம் நாள் படையலில் அதை நீதான் வைக்க வேண்டும். மோகன்ராஜ் என் பெயரைச் சொல்லிக் கற்பூரம் காட்ட வேண்டும். சாவுக்கு வாங்கிய சேலை என்று யாராவது முகம் சுளித்தால் என்னிடம் பேசச் சொல். பிறகு அவள் மகள் வினிதா அதைக் கட்டிக்கொண்டு ஒரு போட்டோ அனுப்ப வேண்டும். முனியம்மா சாயல் அவளுக்குத்தான் இருக்கிறது.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

ஏழுமலை